எடைக்குப் போட்ட கூரை

‘விற்பனைக்கு: 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கம்பெனி கன்வெர்டிபிள். எஞ்சின் நல்ல கண்டிஷன். ஞாயிற்றுக்கிழமை ஜாலியாக ஒரு ரவுண்டு போய்வர ஏற்ற வண்டி. ஆரப்பாளையத்தில் நேரில் பார்க்கலாம்.’

இந்த விளம்பரத்தை எழுதியவன் நான். ஆண்டு சரி. எஞ்சினும் சரி. ‘கம்பெனி’ என்று போட்டேனே, அது பொய். அந்த வண்டி சென்னைத் தொழிற்சாலையிலிருந்து கூரையோடுதான் வெளியே வந்தது. கழற்றியவன் நான். கழற்றியதை மறைத்து, மறைத்ததற்குக் காசும் வாங்கியவன் நான். மறைத்த விதம் இன்னும் மோசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிழைப்புக்கு நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். இடித்த வண்டி, இடிபட்ட வண்டி, கண்மாய்க்குள் இறங்கிய வண்டி என்று எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, வண்டியில் சேதம் எவ்வளவு, சொந்தக்காரர் சொல்லும் கதையில் சேதாரம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பவன். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம், ஃபைபருக்கு 30, கண்ணாடிக்குக் கிடையாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் எனக்கு மனப்பாடம். தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. லாரிக்குப் பலகை உயர்த்தியவர், வேனுக்குள் சீட் கூட்டியவர் என்று எத்தனையோ பேருடைய கிளெய்ம் அறிக்கையில் அந்தப் பிரிவைச் சுட்டி எழுதியிருக்கிறேன். அந்தக் கையால்தான் வீட்டுக்கு வந்து ஸ்பானரையும் எடுத்தேன்.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று விளங்காது.

அறுபதுகளில் நம் நாட்டில் புதுக் கார் வாங்க நினைத்தால் முக்கியமாக மூன்றுதான்: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல் தொடங்கியது. வண்டலூர் பக்கத் தொழிற்சாலையில் முதலில் வான்கார்டு பூட்டினார்கள். 1961 முதல் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-லேயே ட்ரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்துவிட்ட வண்டி அது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. அம்பாசிடரும் ஃபியட்டும் பெண் பார்க்க வந்த பெரியவர்கள் மாதிரி நிற்கும்போது, ஹெரால்டு மட்டும் மாப்பிள்ளையின் கல்லூரித் தோழன் மாதிரி சாய்ந்து நிற்கும்.

அதன் உடம்பு பூட்டிய உடம்பு. இதற்குப் பின்னால் ஒரு வியாபாரப் பகை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தை 1953-ல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிப் போட்டது. புது மாடலுக்கு இனி அங்கிருந்து பாடி வராது என்றானது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் அடித்துத் தர வேறு ஆள் இல்லாமல், தனியாக ஒரு சேசிஸ் போட்டு, துண்டு துண்டாக வெவ்வேறு பட்டறைகளில் செய்த பாகங்களை அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். பகையாளியான அந்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான் இங்கே அம்பாசிடர் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். இங்கிலாந்தில் மூண்ட சண்டை நம் தெருவிலும் இரண்டு கார்களாக நின்றிருக்கிறது.

இப்படிப் பூட்டியதில் வந்த வசதிகள் பல. பானட்டும் முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். டயர்மேல் உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். ஏறக்குறைய ஏழரை மீட்டர் வட்டத்தில் திரும்பிவிடும். ஆரப்பாளையத்துச் சந்துகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பின்சக்கரம்தான் கொஞ்சம் துடுக்கு. வளைவில் வேகமாகப் போனால் உள்ளுக்குள் மடங்கப் பார்க்கும். பின்னால் வந்த கெசல் மாடலில் அந்த ஏற்பாட்டையே மாற்றிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான வசதி, கூரையும் போல்ட்டில்தான் நின்றது.

நம் ஊரில் கூரை இல்லாத கார் என்றால் யாருக்கும் முதலில் நினைவு வருவது கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை அழைப்புக்கென்றே பழைய பிளைமவுத், செவர்லேக்களை வாடகைக்கு விட்டவர்கள் இருந்தார்கள். அவற்றில் பல வெல்டிங் பட்டறையில் தலை போனவை. அம்பாசிடரிலோ ஃபியட்டிலோ இந்த வேலையைச் செய்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், கதவு சாத்தாது. அவற்றில் தனி சேசிஸ் கிடையாது; பாடியே எலும்பு. ஹெரால்டுக்கு எலும்பு கீழே இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் சில போல்ட், பின்பக்கம் இடுப்பளவில் சில போல்ட். கழற்றினால் நான்கு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். இங்கிலாந்தில் கம்பெனியே 1960-ல் கன்வெர்டிபிள் மாடலும் விட்டது. சென்னையிலிருந்து வந்த ஹெரால்டுகளில் மிகப் பெரும்பாலானவை கூரையோடு வந்தவை. என்னுடையதும் அப்படித்தான்.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் வாங்கி ஓட்டிய வண்டி அது. அவர் காலத்துக்குப் பிறகு ஷெட்டில் கிடந்ததை அவருடைய மகனிடமிருந்து வாங்கினேன். இரண்டு கதவு, 948 சிசி, வெளிறிய பச்சை. மழைத்தண்ணீர் ஓடும் கூரை விளிம்பில் விரல் அகலத்துக்குத் துரு இருந்தது. வெல்டர் அரை நாளில் அடைத்திருப்பார். வீட்டில் நான் சொன்னது வேறு: “கூரை பூராம் அரிச்சுப் போச்சு, எடுத்துத்தான் ஆகணும்.” மெக்கானிக்கிடமும் அதையேதான் சொன்னேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பானர் பையை எடுத்தார். சீட் கவர் தைக்கிறவர் கேன்வாஸ் மடிப்பு ஒன்று தைத்துக் கொடுத்தார். பந்தல் போடுகிறவரிடம் குழாய் வாங்கி வளைத்தோம். போல்ட் இருந்த துளைகளில் பெயிண்டர் பட்டி அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தார். கை வைத்துத் தடவினாலும் தெரியாத வேலை.

துரு எல்லாம் சாக்கு. நாலு பேர் என்னைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேனிக்கும் கம்பத்துக்கும் போகிற பஸ்கள் விடிகாலையில் வரிசையாகக் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவற்றை ஒட்டியே காளவாசல் தாண்டி, நாகமலைப் புதுக்கோட்டை வழியாகச் செக்கானூரணி வரை போய்த் திரும்புவேன். பஸ் ஜன்னலோரத்தில் இருப்பவர்களுக்குக் கூரையில்லாத காருக்குள் இருப்பவன் முழுசாகத் தெரிவான். குழந்தைகள் கை காட்டும். பெரியவர்கள் பக்கத்து சீட்டுக்காரரைத் தட்டிக் காட்டுவார்கள். நான் ரோட்டை மட்டும் பார்ப்பவனைப்போல ஓட்டுவேன். ஓவர்டேக் பண்ண இடம் கிடைத்தாலும் பண்ண மாட்டேன். மதுரையில் திறந்த கார் ஓட்டுவது அறிவுள்ளவன் செய்கிற காரியமல்ல. காலை எட்டு மணிக்கே வெயில் கழுத்தைப் பிடித்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் கேன்வாஸ் ஒழுகும். ஆவணியில் புட்டுத் திருவிழாவுக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளும்போது, கூட்டம் வருகிற சந்தின் முனையில் வண்டியைத் துடைத்து நிறுத்தி வைத்திருக்கிறேன். சாமி பார்க்க வந்தவர்கள் என் வண்டியையும் பார்க்கட்டும் என்ற நினைப்பு. எழுதவே கூசுகிறது, ஆனாலும் செய்தேன்.

பொய் அங்கேயெல்லாம் இல்லை. ஆசைதான். பொய் வந்தது நாகமலைப் புதுக்கோட்டை டீக்கடையில். பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, “கம்பெனியிலயே இப்படி வந்ததா? ரொம்ப அபூர்வமாச்சே சார்” என்றார். நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரே இன்னொருவரிடம் சொன்னார். அதற்கடுத்து யாரோ கேட்டபோது தலையாட்டினேன். பிறகு நானே சொல்ல ஆரம்பித்தேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, நானும் நம்பினேன். மெக்கானிக் மட்டும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

மகன் கார் வாங்கினான், நிறுத்த இடம் வேண்டும். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் என்று ஆனபிறகு பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்ப்பின் டயாபிரமும் அடிக்கடி மக்கர் செய்தன. விற்றுவிடலாம் என்று உட்கார்ந்து விளம்பரம் எழுதினேன். இன்சூரன்ஸ் டாரிஃப் கணக்கில் 31.12.1940-க்கு முன் செய்த காரைத்தான் வின்டேஜ் என்பார்கள். அதை நினைத்து ‘வின்டேஜ்’ என்ற சொல்லை யோக்கியமாக அடித்தேன். அடித்த கை அப்படியே நகர்ந்து ‘கம்பெனி கன்வெர்டிபிள்’ என்று எழுதியது. அந்த ஒரு சொல்லுக்கு, கூரையுள்ள ஹெரால்டுக்குக் கேட்கிற விலையைப்போல ஏறக்குறைய இரட்டிப்பு கேட்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

கூரை அப்போது மொட்டை மாடியில் இருந்தது. கழற்றிய நாளிலிருந்து அங்கேதான். மனைவி அதன்மேல் மோர்மிளகாய் காயப்போடுவாள். மதுரை வெயிலில் அந்தத் தகரம் சுடுகிற சூட்டுக்கு இரண்டு நாளில் சுக்காகக் காய்ந்துவிடும். கோவையிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வருகிறார் என்றதும் அவள் சொன்னாள்: “அதுவும் வண்டியோட சேந்ததுதானே, அதையும் குடுத்து விட்ருங்க.”

மறுநாள் காலை பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொன்னேன்.

நான்கு பேர் வேண்டாம், மாடிப்படியில் திருப்ப முடியாதே என்று அவரே இரண்டாக வெட்டிக் கொண்டுபோனார். கட்டர் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. எடைக்குப் போட்டதில் ஆயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை. சேதமான பாகத்தைச் சர்வே முடியும் முன் அப்புறப்படுத்துகிறவனைப் பார்த்தால் என் தொழிலில் என்ன எழுதுவோம் என்று எனக்குத் தெரியும். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மோர்மிளகாய்க்குக் கடையில் ஒரு பெரிய தட்டு வாங்கிக்கொண்டாள்.

வந்தவர் கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸில் வந்து ஆரப்பாளையம் ஸ்டாண்டில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். இயந்திரம் தெரிந்த ஆள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

என் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்த வித்தை ஒன்றுண்டு. எதையுமே ஒத்துக்கொள்ளாதவனைத்தான் சர்வேயர் சந்தேகப்படுவான். “ஆமா சார், பிரேக் கொஞ்சம் லூஸ்தான், என் தப்புதான்” என்பவனிடம் பேனா இளகும். அந்த இளக்கத்தில்தான் பெரிய பொய்கள் தப்பித்துப் போகும். எத்தனை பேர் என்னிடம் இதைச் செய்திருப்பார்கள். அன்று நான் அவரிடம் செய்தேன். கேட்காததையெல்லாம் சொன்னேன். ஸ்பீடாமீட்டர் கேபிள் வேலை செய்யாது தம்பி. பெட்ரோல் முள்ளை நம்பாதீங்க, குச்சி விட்டுப் பாருங்க. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்ன பெறகுதான் போடணும். இடது கதவு மேட்டுல ஏறுனா சத்தம் போடும்.

கடைசியாக முன்சக்கரத்தைத் தாங்குகிற பித்தளை ட்ரனியனைக் காட்டினேன். ஹெரால்டை ஓட்டுகிறவர்கள் உயிர் போகிற விஷயமாக நினைக்க வேண்டியது இது. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 கிரேடு கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே இறுகிப்போனால் எண்ணெய் ஏறாது, தண்ணீர் கோத்து மரை அரித்து, ஒருநாள் சக்கரம் மடங்கி உட்காரும். பல மெக்கானிக்குகள் நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். என் வண்டியிலும் எனக்கு முந்தியவர்கள் அப்படித்தான் அடித்திருந்தார்கள். கழற்றிச் சுத்தம் செய்திருந்தேன். அவர் தரையில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு வெவரமா யாருமே சொல்ல மாட்டாங்கண்ணா” என்றார்.

கூரையைப் பற்றி அவர் கேட்டது ஒரே கேள்வி. நான் சொன்னது ஒரே சொல். ஆர்.சி. புத்தகம் டூப்ளிகேட்; அதில் மோட்டார் கார் என்பதோடு சரி. பேரம் அதிகம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப் பழையதைச் சுரண்டியிருக்கிறார். கண்ணாடிச் சட்டத்தில் பட்டி உதிர்ந்து துளைகள் வரிசையாக எட்டிப் பார்த்திருக்கின்றன. லேத் பட்டறைக்காரருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ என்று தனிப் பதிவெண் கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அந்த எண் வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் இறக்கலாம். என் விளம்பரத்தில் சொன்ன ஜாலி ரவுண்டே அதில் அடங்காது. அது போகட்டும். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடி ஷெல்லிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது விதி. அந்த எண்ணுக்குத்தான் அவர் ஆசைப்பட்டிருந்தார்.

திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் சொன்னது: “அந்த டாக்டரு வீட்டுல உங்களையும் ஏமாத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுங்ணா.”

ஒரு வாசல் திறந்து கிடந்தது. அதன் வழியாக உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் “ஆமா தம்பி, எனக்கும் இப்பத்தான் தெரியுது” என்றேன். திண்டுக்கல்லில் மாலை போட்ட படத்துக்குள் இருக்கிற மனிதர்மேல், என் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதர்மேல், அதைத் தூக்கி வைத்தேன். அவர் அந்த வண்டியில் நோயாளி வீடுகளுக்குப் போய்வந்தவர். கூரையின் ஒரு போல்ட்டைக்கூட இளக்காதவர்.

கோவைக்காரர் விடவில்லை. “பரவாயில்லைங்ணா. பழைய கூரை எங்கயாச்சும் கிடைச்சா சொல்லுங்க, மறுபடி பூட்டிப்போடலாம். அதுலதான் துளையெல்லாம் கரெக்டா சேரும்” என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன். சிம்மக்கல் பக்கத்து ஸ்பேர் கடைகளில் சொல்லி வைத்தேன். தெரிந்த பழைய இரும்புக் கடைகளிலெல்லாம் கேட்டேன். என்னுடையதை வெட்டியவரிடமும் கேட்டேன். அது உருக்காலைக்குப் போய்விட்டது என்றார். கடைசியில் ஒரு ஹெரால்டு கூரை கண்ணில் பட்டது. போய்ப் பார்த்தால் மார்க் 3. நான்கு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும் செய்தது. சேகரிப்பவர்களுக்கு அது பெருமைக்குரிய வண்டி. எனக்கு அன்று உதவவில்லை. நடுத்தூண் வருகிற இடமே வேறு.

வாங்கிய கூடுதல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனா என்றால், இல்லை. கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தாளைப் பார்க்கும்போதெல்லாம், பணம் கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று மடித்து வைத்துவிடுகிறேன். காரணம் சொல்லாமல் பணம் அனுப்ப ஒரு வழி இருக்குமா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். இந்த வயதில் மனிதன் எவ்வளவு தூரம் யோசிக்கிறான் பாருங்கள்.

போன வாரம் சொல்லிவிடுவது என்று நானே கூப்பிட்டேன். மாடிக்குப் போய், யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். அவர் எடுத்ததும், “சொல்லுங்ணா, நல்லா இருக்கீங்களா?” என்றார். பின்னால் லேத் ஓடுகிற சத்தம். “தம்பி, ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினேன். “சொல்லுங்ணா” என்று மெஷினை நிறுத்தினார்.

“ட்ரனியனுக்கு ஆயில் விட்டீங்களா?” என்றேன்.

விட்டுவிட்டதாகச் சொன்னார். கிரீஸ் அடிக்கவே இல்லையாம். “நீங்க சொன்னது மறக்குமுங்களாண்ணா” என்றார்.